போரில் பிள்ளையைப் பறிகொடுத்த வீடுகளுக்கு: யாழ்ப்பாணத்துக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கார்த்திகை பிறந்தால் யாழ்ப்பாணத்துக்கு மழையும் வரும், போரில் இறந்த பிள்ளைகளின் நினைவும் வரும். மட்டக்களப்பிலிருந்தோ மலையகத்திலிருந்தோ வேலை மாற்றலாகி வந்தவர்கள், பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வந்தவர்கள், ரொறன்ரோவிலும் பாரிசிலும் பிறந்து அம்மம்மாவைப் பார்க்க வந்த பிள்ளைகள் என்று ஒவ்வொரு வருஷமும் யாராவது கேட்பார்கள்: "நாங்களும் ஏதாவது செய்யவேணும். என்ன செய்யலாம்?" அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இறந்தவருக்கு நன்றி சொல்ல நினைத்தால், அவரைப் பெற்றவர்களுக்கும் கூடப்பிறந்தவர்களுக்கும் கையால் ஒரு வேலை செய்து கொடுங்கள். விளக்கேற்றுவது அதற்குப் பிறகு வரட்டும். மாவீரர் நாளான நவம்பர் 27 மாலை ஒரு மணித்தியாலம் கூட்டத்தில் நின்றுவிட்டுப் போவது சுலபம். மற்ற 364 நாளும் அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று பார்ப்பவர்கள்தான் குறைவு.

போவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியவை

1982 நவம்பர் 27 அன்று சங்கர் என்ற சத்தியநாதன் இறந்தார். வடமராட்சி கம்பர்மலையைச் சேர்ந்தவர். விடுதலைப் புலிகள் இயக்கத்தில் இறந்த முதலாவது போராளி. 1989 முதல் அந்த நாளை மாவீரர் நாள் என்று அனுசரித்து வருகிறார்கள். யாழ். மாவட்டத்தில் கோப்பாய், எள்ளங்குளம், கொடிகாமம், வேலணை சாட்டி ஆகிய இடங்களில் இறந்த போராளிகளைப் புதைத்த துயிலும் இல்லங்கள் இருந்தன. கோப்பாயில் கல்லறைகள் இருந்த நிலத்தில் 2011 முதல் படைத் தலைமையகம் இருக்கிறது. அதனால் அங்கு வரும் தாய்மார் அருகிலுள்ள காணியில் நின்றுதான் விளக்கேற்றுகிறார்கள். தன் பிள்ளையைப் புதைத்த இடம் வேலிக்கு அந்தப் பக்கம் இருக்க, இந்தப் பக்கம் நிற்கும் ஒருவருக்குப் பக்கத்தில்தான் நீங்கள் நிற்கப் போகிறீர்கள். அது மனதில் இருக்கட்டும்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். விடுதலைப் புலிகள் இயக்கம் இலங்கையில் தடைசெய்யப்பட்டது. அதன் கொடி, சின்னம், தலைவரின் படம் ஆகியவற்றை அணிவதும் பகிர்வதும் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் மாட்டிவிடக்கூடிய விஷயம். முகநூல் பதிவு ஒன்றுக்காகக் கைதானவர்கள் உண்டு. இறந்த உறவை நினைத்து அழுவது வேறு, இயக்கச் சின்னத்தைத் தூக்கிப் பிடிப்பது வேறு. நீங்கள் விமானமேறிப் போய்விடுவீர்கள், விசாரணைக்கு அலையப்போவது அந்தத் தாய்தான். சில வருஷங்களில் குறிப்பிட்ட இடங்களுக்கும் ஆட்களுக்கும் நீதிமன்றத் தடை வந்திருக்கிறது, ஆகவே அன்று காலை உதயன், வலம்புரி பத்திரிகைகளில் ஏதாவதொன்றை வாங்கிப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். பொலிஸ் மறித்துக் கேட்டால் அடையாள அட்டையைக் காட்டுங்கள், வாக்குவாதப்பட வேண்டாம். கதைக்கிறதை ஏற்பாட்டாளர்கள் கதைப்பார்கள்.

அடுத்தது, "எந்த இயக்கம்?" என்று ஒருபோதும் கேட்காதீர்கள். ஒரே ஒழுங்கையில் புலிகள் இயக்கத்தில் இறந்தவரின் வீடும் இருக்கும், டெலோ, ஈ.பி.ஆர்.எல்.எவ், புளொட் போன்ற வேறு இயக்கங்களில் இருந்து இறந்தவரின் வீடும் இருக்கும். இயக்கங்கள் தங்களுக்குள் மோதியதில் இறந்தவர்களும் இருக்கிறார்கள். புலிகள் மற்ற இயக்கங்களைத் தாக்கிய 1986ஐ இந்த ஊர் மறக்கவில்லை. மகனைப் பெருமையோடு சொல்லும் தாயும் உண்டு. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்று இன்றைக்கும் கோபம் ஆறாத தாயும் உண்டு. இரண்டு பேர் சொல்வதையும் ஒரே மரியாதையோடு கேளுங்கள். யாரையும் திருத்தப் போக வேண்டாம்.

ஆனையிறவில் ஏ9 வீதியோரம் இலங்கைப் படைச் சிப்பாய் ஒருவருக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது. பலாலியில் இந்திய அமைதிப்படையில் இறந்தவர்களுக்கு ஒன்று இருக்கிறது. தெற்கிலிருந்து மகன் இறந்த மண்ணைப் பார்க்க வரும் தாய் தகப்பனும் இந்த வீதியால்தான் வருவார்கள். வழி கேட்டால் காட்டுங்கள், தண்ணீர் கேட்டால் கொடுங்கள்.

இன்னொன்று மிக முக்கியம். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்கள் வேறு. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 அன்று வீதியோரம் உட்கார்ந்த தாய்மார் கேட்பது பிள்ளை எங்கே என்பதைத்தான். அப்படிப்பட்ட வீட்டில் "இறந்த உங்கள் மகன்" என்று ஒரு சொல் வாய் தவறியும் வரக்கூடாது. படத்துக்கு மாலை வாங்கிக்கொண்டு போகக்கூடாது. படத்துக்கு முன்னால் விளக்கு எரிகிறதா, மாலை தொங்குகிறதா என்று உள்ளே போனதும் பாருங்கள். இல்லையென்றால் நீங்களாக எதையும் தொடங்காதீர்கள்.

வீட்டுக்குப் போவது

தனியாகப் போகாதீர்கள். அந்த வீட்டாருக்குப் பழக்கமான ஒருவரோடு போங்கள். பக்கத்து வீட்டு அன்ரி, சனசமூக நிலையத்தில் இருப்பவர், கோயில் ஐயர், பங்குத் தந்தை, யாராகவும் இருக்கலாம். முதல்நாளே சொல்லி அனுப்புங்கள். பின்னேரம் நாலு மணிக்கு மேல் நல்ல நேரம். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போனால் இருக்கிற சோற்றை உங்களுக்குப் போட்டுவிட்டு அவர்கள் பட்டினி கிடப்பார்கள், மறுக்கவும் விடமாட்டார்கள்.

கையில் பைலோ குறிப்புப் புத்தகமோ வேண்டாம். இந்த வீடுகளுக்கு விபரம் எழுத வந்தவர்கள் எத்தனையோ பேர். ஆணைக்குழு, தொண்டு நிறுவனம், பத்திரிகை, சிவில் உடுப்பில் வந்தவர்கள் என்று எல்லோரும் எழுதிக்கொண்டு போனார்கள், திரும்பி வரவில்லை. பேனையைக் கண்டதும் அந்த அம்மாவின் குரல் மாறிவிடும், பாடமாக்கிய கதையைச் சொல்லத் தொடங்கிவிடுவார். தேயிலை, சீனி, ஒரு சீப்பு வாழைப்பழம், இரண்டு பெட்டி பிஸ்கட் கொண்டுபோனால் போதும்.

படலையில் நின்று "அம்மா" என்று கூப்பிடுங்கள். நீங்களாகத் திறந்துகொண்டு உள்ளே போகாதீர்கள். விறாந்தையில் கதிரை போட்டுத் தருவார்கள், தேத்தண்ணி வரும். "இப்பதான் குடிச்சிட்டு வந்தனாங்கள்" என்று சொல்லாமல் குடியுங்கள். குடித்து முடிக்கிற வரைக்கும் பிள்ளையைப் பற்றி எதுவும் கேட்க வேண்டாம். மழையைப் பற்றி, வெங்காயத்தைப் பற்றி, ஆட்டைப் பற்றிக் கதையுங்கள். அவராகவே அந்தப் பக்கம் வருவார்.

வந்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி பெயர்தான். "பிள்ளையின்ர பேர் என்ன அம்மா?" பலருக்கு இரண்டு பெயர். ஒன்று இயக்கம் வைத்தது, மற்றது வீட்டில் கூப்பிட்டது. நடுகல்லிலும் பட்டியலிலும் இயக்கப் பெயர் இருக்கலாம். தாய் எந்தப் பெயரைச் சொல்கிறாரோ அதையே நீங்களும் சொல்லுங்கள். பிறகு எந்தப் பள்ளிக்கூடம், என்ன விளையாட்டு, என்ன சாப்பாடு பிடிக்கும் என்று கேளுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு அம்மா மகன் எப்படி இறந்தான் என்று யாராவது கேட்டால் இரண்டு வரியில் முடித்துவிடுவார். சாப்பாட்டைப் பற்றிக் கேட்டால் அரை மணித்தியாலம் சொல்வார். "அவனுக்குப் புட்டும் கறுத்தக்கொழும்பானும் எண்டால் காணும், பிள்ளை. சட்டியில கையை வைச்சுத்தான் தின்னுவான். தங்கச்சிக்கு மிச்சம் வை எண்டு நான் கத்துவன்." சொல்லும்போது அவருடைய கை தானாகவே புட்டைப் பிசைகிற மாதிரி அசையும். மாம்பழக் காலத்தில் அந்த வீட்டுக்கு எதை வாங்கிக்கொண்டு போகவேண்டும் என்று அதைக் கேட்ட ஒருவருக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை.

எப்படி இறந்தார், எங்கே அடிபட்டது, உடல் கிடைத்ததா? இவை நீங்கள் கேட்கக்கூடாத கேள்விகள். அவர்களாகச் சொன்னால் முழுதாகக் கேளுங்கள், இடையில் வெட்டாதீர்கள். அழுதால் "அழாதையுங்கோ அம்மா" என்று சொல்லாதீர்கள். இத்தனை வருஷமும் அழாமல் இருங்கள் என்று சொன்னவர்கள்தான் அதிகம். "தியாகம் வீண்போகாது" போன்ற மேடைப் பேச்சும் வேண்டாம். பக்கத்தில் இருங்கள், அது போதும்.

புறப்படும்போது அடுத்த வேலையைப் பிடித்துக்கொண்டு புறப்படுங்கள். கண்ணைச் சுற்றிலும் ஓட்டினால் தெரியும்: கூரையில் ஓடு விலகியிருக்கும், கிணற்றுக் கப்பி கீச்சிடும், மூக்குக் கண்ணாடியின் காலில் நூல் கட்டியிருக்கும். "என்ன உதவி வேணும்?" என்று கேட்டால் யாழ்ப்பாணத்து அம்மா எவரும் "ஒண்டும் வேண்டாம் தம்பி" என்றுதான் சொல்வார். அதனால் கேட்காதீர்கள். "சனிக்கிழமை வந்து ஓட்டைச் சரியாக்கிறன், ஏணி இருக்கா?" என்று கேளுங்கள். யாழ். போதனா வைத்தியசாலைக்குக் கண் கிளினிக்குக்குக் கூட்டிப்போய், வரிசையில் நின்று, திரும்பக் கூட்டிவருவது ஒரு முழு நாள் வேலை. அதைச் செய்ய ஆளில்லாமல் கண் புரை முற்றிப்போனவர்கள் இருக்கிறார்கள். அஸ்வெசும என்ற அரச நலன்புரி உதவிக்கான விண்ணப்பம், வங்கிப் புத்தகம், இறப்புச் சான்றிதழ் என்று கடதாசி வேலைகளும் நிறைய. வாசித்துக் காட்டி, எழுதிக் கொடுத்து, பிரதேச செயலகத்துக்குக் கூடப் போய்வரும் ஒருவர் அந்த வீட்டுக்குப் பெரிய ஆறுதல்.

படம்

இதைத் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் குறைந்த செலவில் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி இதுதான் என்பது என் எண்ணம். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்துச் சனம் ஒரே இரவில் வெளிக்கிட்டபோது படங்களை விட்டுவிட்டுத்தான் போனது. வன்னிக்குப் போனவர்கள் கொண்டுபோன மிச்சத்தையும் 2009இல் தொலைத்தார்கள். சீருடைப் படங்களைப் பயத்தில் எரித்தவர்களும் புதைத்தவர்களும் உண்டு. அதனால் பல வீடுகளில் பிள்ளையின் முகம் என்று இருப்பது அடையாள அட்டைப் பிரதி ஒன்றோ, வகுப்புப் படத்தில் மூன்றாவது வரிசையில் ஒரு சின்னத் தலையோதான்.

அந்தப் படத்தை வீட்டிலிருந்து வெளியே எடுக்காதீர்கள். உங்கள் தொலைபேசியில், வெளிச்சம் உள்ள இடத்தில் வைத்து, நிழல் விழாமல் நேராகப் பிடித்து எடுங்கள். கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தால் வீட்டாரைக் கொண்டே கழற்றுவியுங்கள். ஈரத்தில் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் கழற்றவே வேண்டாம், உரிந்து வந்துவிடும். யாழ். நகரத்து ஸ்டூடியோக்களில் முகத்தைத் துப்புரவாக்கிப் பெருப்பித்துத் தருவார்கள். வகுப்புப் படமென்றால் அந்த ஒரு முகத்தை மட்டும் வெட்டி எடுக்கலாம். சீருடையில் இருந்தால் சேர்ட்டுக்கு மாற்றவா என்று தாயிடம் கேட்டுச் செய்யுங்கள், முடிவு அவருடையது. ஈரம் புகாமல் லமினேற் செய்து சட்டம் போட்டுக் கொடுங்கள். பெரிய படத்தைக் கையில் வாங்கும்போது அவர் என்ன செய்வார் என்று சொல்ல முடியாது, அந்த நேரத்தில் கமராவை எடுக்காதீர்கள்.

துப்புரவு வேலை

நவம்பர் நடுப்பகுதியிலிருந்து துயிலும் இல்லங்களிலும் அவற்றுக்கு அருகிலுள்ள காணிகளிலும் ஊரவர்கள் சிரமதானம் செய்வார்கள். கூட்டத்தில் நிற்பதை விட இதற்குப் போவது நல்லது. மண்வெட்டி, கத்தி, கையுறை, முழங்கால் வரை சப்பாத்து இவை தேவை. மழைக்குப் பற்றை அடர்ந்திருக்கும், பாம்பு கிடக்கும். உடைந்த கல்லறைத் துண்டுகள் கண்ணில் பட்டால், அவற்றைக் குவித்து வைக்கும் இடத்தில் பத்திரமாகக் கொண்டுபோய் வையுங்கள். நினைவுக்கு என்று ஒரு துண்டையும் எடுத்துப் பொக்கற்றில் போட வேண்டாம், எழுத்து உள்ள துண்டு என்றால் அது ஒரு வீட்டுக்குச் சொந்தமானது. கத்தோலிக்கக் குடும்பம் என்றால் நவம்பர் 2, சகல ஆத்துமாக்கள் திருநாளுக்கு முன்பே சேமக்காலையில் கல்லறை துப்புரவாக்குவார்கள், அங்கும் ஒரு கை கொடுக்கலாம்.

வேலிகளில் அந்த நேரம் கார்த்திகைப்பூ பூத்திருக்கும், சிவப்பும் மஞ்சளுமாக. பிடுங்கினால் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள், சின்னப் பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டாம். கிழங்கு கடும் நஞ்சு, மற்றப் பாகங்களிலும் நஞ்சு உண்டு.

அன்று மாலை

நவம்பர் 27 அன்று பின்னேரம் நாலரைக்கே துயிலும் இல்லத்துக்குப் போய்விடுங்கள். குடை, கடதாசியில் சுற்றிய தீப்பெட்டி, பழைய துணி, ஒரு போத்தல் தேங்காய் எண்ணெய் கொண்டுபோங்கள். மண் சுட்டி விளக்கு இந்தக் காற்றில் நிற்காது. சிரட்டைக்குள் கொஞ்சம் மணல் போட்டு அதற்குள் சுட்டியை வைத்தால் ஓரளவு தாங்கும், துணிப் பந்தம் இன்னும் நல்லது. உடுப்புக்குச் சட்டமில்லை, அடக்கமாக இருந்தால் சரி.

6.05க்கு மணி ஒலிக்கும். சங்கர் இறந்த நேரம் அது. 6.06க்கு அகவணக்கம். 6.07க்குப் பொதுச்சுடரைப் பெரும்பாலும் ஒரு தாயோ தகப்பனோ ஏற்றுவார்கள், அதோடு எல்லோரும் தங்கள் தங்கள் பிள்ளைக்கு ஏற்றுவார்கள். நீங்கள் முந்த வேண்டாம். உறவினர்கள் ஏற்றி முடியட்டும். அப்புறம் வரிசைகளைப் பாருங்கள்: ஆளில்லாத இடங்கள் இருக்கும். பெற்றோர் இறந்துபோயிருப்பார்கள், குடும்பமே வெளிநாட்டுக்குப் போயிருக்கும், அல்லது குடும்பத்தில் ஒருவரும் மிஞ்சியிருக்க மாட்டார்கள். தொண்டர்களிடம் கேட்டுவிட்டு அந்த இடங்களில் ஒன்றில் விளக்கேற்றுங்கள். அணைந்தால் திரும்ப ஏற்றுங்கள். புதிதாக வந்தவர் செய்வதற்கு அன்று இதைவிடப் பொருத்தமான வேலை இல்லை என்பேன்.

அழும் முகங்களைப் படமெடுக்காதீர்கள். தேவையென்றால் விளக்குகளை எடுங்கள்.

நல்லூரில், 1987இல் உண்ணாவிரதமிருந்து இறந்த திலீபனின் நினைவிடத்துப் பக்கம் அந்த வாரத்தில் பெயர்ப் பலகைகளோடு தற்காலிக மண்டபம் அமைவது உண்டு. பெயர்கள் சின்ன எழுத்தில் இருக்கும், வயதானவர்களுக்குத் தெரியாது. பக்கத்தில் நின்று பெயரைத் தேடிக் கொடுங்கள். கண்டுபிடித்ததும் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்.

எல்லாம் முடிந்ததும் அரைவாசிப் பேர் மோட்டார் சைக்கிளில் பறந்துவிடுவார்கள். மிச்சம் நிற்பது இருட்டில் பஸ் இல்லாத அம்மாக்கள்தான். வானோ ஓட்டோவோ முன்கூட்டியே பேசி வைத்து, ஒரு ஊர்ப் பக்கம் போகும் நாலைந்து பேரை ஏற்றி வீட்டு வாசலில் இறக்கிவிடுங்கள். மறுநாள் காலை வந்து சிரட்டைகளையும் பொலித்தீனையும் பொறுக்கவும் ஆள் தேவைப்படும்.

வீட்டுப் படையல்

நவம்பர் 27க்கு வராத குடும்பங்களும் நிறைய. பிள்ளை இறந்த திதியில் வீட்டிலேயே படைப்பார்கள். நாள் தெரியாதவர்கள் போர் முடிந்த மே 18ஐ எடுத்துக்கொள்வதும் உண்டு. அழைத்தால் விடியவே போய்ச் சமையலுக்கு உதவுங்கள், தேங்காய் திருவலாம், வாழையிலை வெட்டிக் கழுவலாம். அழைக்காவிட்டால் போகவேண்டாம்.

காசு

காசு கொடுப்பதில் தப்பில்லை. உறையை நீட்டுவதுபோலவும் அந்த அம்மா வாங்குவதுபோலவும் படமெடுத்துப் போடுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவரைக் கையேந்தும் ஆளாக உலகத்துக்குக் காட்டுகிறோம். கணக்குக் காட்டவேண்டும் என்றால் பற்றுச்சீட்டு போதும். ஒரே தரம் ஐம்பதாயிரம் கொடுத்துவிட்டு மறப்பதை விட, மாதம் மருந்துக்கு என்று ஒரு சிறு தொகையை வங்கியில் போடுவது மேல். போராடி அங்கம் இழந்து உயிரோடு இருப்பவர்களையும் மறக்க வேண்டாம். செயற்கைக் காலுக்கு யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் நிலையம் இருக்கிறது. போக்குவரத்துக்கு ஆள் இல்லாமல்தான் பலர் கால் தேய்ந்த பிறகும் போகாமல் இருக்கிறார்கள்.

மரக்கன்று

வடக்கு மாகாண சபை 2014இல் கார்த்திகையை மரநடுகை மாதமாக அறிவித்தது. மழைக்காலம் என்பதால் நடுகைக்கும் பொருத்தமான மாதம். பெற்றோர் மதிப்பளிப்பு நிகழ்வுகளில் தென்னங்கன்று கொடுப்பது வழக்கமாகிவிட்டது. ஆனால் கொடுத்த கன்று எழுபது வயதுத் தாயின் படலையடியில் பொலித்தீன் பையோடு காய்ந்து கிடப்பதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். கன்று கொடுப்பவர் நட்டும் கொடுக்க வேண்டும்.

தென்னைக்கு நீளம், அகலம், ஆழம் மூன்று அடி கிடங்கு வேண்டும். வலிகாமத்தில் சில வளவுகளில் இரண்டு அடிக்குள்ளேயே சுண்ணாம்புக்கல் தட்டும். மண்வெட்டி போதாது, அலவாங்கோடு போங்கள். அடியில் உரிமட்டையை இரண்டு வரிசை அடுக்குங்கள், ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். மேல்மண்ணும் மக்கிய எருவும் கலந்து நிரப்பி, கன்றை நட்டு, மண்ணை இறுக்குங்கள். ஆடு மாடு கடிக்காமல் சுற்றிவரக் கிடுகோ வலையோ கட்டுங்கள். எந்த இடத்தில் நடுவது என்பதைத் தாய் சொல்லட்டும். மகன் படுக்கும் திண்ணைக்கு முன்னால் என்பார், அல்லது கிணற்றடி என்பார். காரணம் கேட்க வேண்டியதில்லை.

தை பிறந்ததும் மழை போய்விடும். அதற்குப் பிறகு கன்றுக்கு வாரத்தில் இரண்டு மூன்று தரமாவது தண்ணீர் வேண்டும், முதல் இரண்டு கோடையும் தாண்டும் வரைக்கும். நீங்கள் ஊரில் இருக்கமாட்டீர்கள் என்றால், பக்கத்து வீட்டுப் பெடியன் ஒருவனோடு கதைத்து, நாள் குறித்து, வாளியும் வாங்கிக் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள். அவனுடைய தொலைபேசி இலக்கத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள். மாசியிலும் பங்குனியிலும் எடுத்து, கன்று எப்படி, அம்மா எப்படி என்று இரண்டையும் சேர்த்து விசாரியுங்கள்.